பதினோராவது வரி

முதலில் என் மூக்குக்கண்ணாடி விஷயத்தைத் தீர்த்துவிடலாம். என் வக்கீலுக்கு அதன்மேல் அபார நம்பிக்கை. கண் டாக்டரிடம் போகவேண்டிய தேதி தாண்டி எட்டு மாதம் ஆகியிருந்தது, ஆகவே அச்செழுத்து மங்கலாகத் தெரிந்தது என்று சொல்லச் சொல்கிறார். பாவம், நல்ல மனிதர். ஆனால் அன்றைக்கு எனக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நான் கறிக்குழம்பு அடைத்த மீட் பை தின்றுகொண்டே தட்டச்சு செய்தேன், அவ்வளவுதான்.

என் பெயர் நெவில் ப்ராட்லி. வயது அறுபத்துமூன்று. இந்த மக்காய் ஊரில், தொழிலாளர் நலத்தை ஆராயும் ஒரு மையத்தில் இருபத்தாறு வருடம் புள்ளியியல் வேலை பார்த்தேன். மையத்தில் யாருடைய மென்பொருள் முரண்டு பிடித்தாலும் என்னிடம்தான் வருவார்கள். குறிப்பாக ஒட்டுறவு அணியை உள்ளிடும்போது வரும் தொல்லைகளுக்கு நான்தான் வைத்தியர். ஒட்டுறவு அணி என்றால் பயப்பட வேண்டாம், சார்ஜென்ட். ஒரு கேள்வித்தாளில் எந்தக் கேள்வியோடு எந்தக் கேள்வி எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் எண் கட்டம், அவ்வளவே. ஒன்று என்றால் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. பூஜ்யம் என்றால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. அதை மென்பொருளிடம் கொடுத்தால் எந்தக் கேள்விக்கு எது சொந்தம் என்று குடும்பம் பிரித்துக் காட்டும். அதற்குக் காரணிப் பகுப்பாய்வு என்று பெயர்.

இந்த அணியைக் கையால் உள்ளிடும்போது ஆட்கள் செய்யாத கூத்து இல்லை. எத்தனை பேரிடம் கேட்டது என்ற எண்ணைப் போட மறப்பார்கள். புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வைப்பார்கள். கேள்விகளின் பெயரை மேலே ஒரு வரிசையிலும் பக்கத்தில் வேறு வரிசையிலும் எழுதிவிட்டு, இயந்திரம் கெட்டுவிட்டது என்று என் அறைக்கு வந்து கையைப் பிசைவார்கள். இவர்களுக்காக நான் ஏழு விதிகள் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, எல்லா மேசைக்கும் கொடுத்தேன். என் திரைக்கு மேலேயும் ஒன்று தொங்கியது. முதல் விதி: மென்பொருளைத் திட்டும் முன் தட்டச்சைச் சரிபார்; ஒருவர் வாசிக்க, ஒருவர் பார்க்க. நான்காவது விதி: இரண்டு கேள்விகள் ஒன்றின் நகலாக இருந்தால் ஒன்றை நீக்கு. ஏழாவது: எந்தக் கோப்பையும் அழிக்காதே, தேதியும் பெயரின் முதலெழுத்தும் போட்டுச் சேமித்து வை. ஏழாவது விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. நீங்கள் என்னைக் கண்டுபிடித்ததே அதனால்தான், இல்லையா.

கேள்வித்தாள் சுரங்க ஓட்டுநர்களுக்கானது. மேற்கே நிலக்கரிச் சுரங்கங்களில் ஏழு இரவு தொடர்ந்து வேலை செய்துவிட்டு, எட்டாம் நாள் காலையில் தங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓட்டி வீட்டுக்கு வருகிறவர்கள். கிளம்பும் முன் பதினான்கு கேள்விகள். பத்தாவது: வேலையின்போது தூக்கம் வந்ததா? பதினோராவது: அண்மையில் வீடு வந்து சேர்ந்தபின், வந்த வழி கொஞ்சமும் ஞாபகம் இல்லாமல் இருந்ததுண்டா? பதினொன்றுக்கு ஆம் என்றால் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, முகாமிலேயே ஓர் அறை கொடுத்துத் தூங்கவைப்பார்கள். மத்தியானம் பேருந்தில் அனுப்புவார்கள்.

பத்தாவது கேள்விக்கு எந்த ஆண்மகனும் ஆம் என்று சொன்னதில்லை. சொன்னால் அது சோம்பேறித்தனம், அடுத்த வாரம் முழுக்கக் கேலி. பதினொன்று அப்படியில்லை. அதைக் கேட்டால் சிரிப்பார்கள். எத்தனை தடவை, எங்கே என்று பெருமையாகவே சொல்வார்கள். அந்தக் கேள்வியை எழுதியவர் யாரோ, கெட்டிக்காரர். இரண்டுக்கும் ஒட்டுறவு வெறும் 0.21. இதெல்லாம் எனக்குத் தெரியும். நான் முட்டாள் என்று எங்கேயாவது எழுதியிருந்தால் அந்த வரியை வெட்டிவிடுங்கள்.

போன வருடம் அக்டோபரில் காகிதத்தை ஒழித்துவிட்டு, கையடக்கக் கணினித் திரைக்குப் போவது என்று முடிவானது. மையத்தின் தலைவர் ராஸ் ஹார்ட்விக் என் அறைக்கு வந்து மேசை ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"என்னய்யா நெவில், இது கேள்வித்தாளா, வீட்டுக்கடன் பத்திரமா? ஒரே திரையில அடங்கணும்."

"பதிமூணு வரிதான் அடங்கும். நம்மகிட்ட பதினஞ்சு இருக்கு. பதினொண்ணாவது கேள்வி ரெண்டு வரி பிடிக்குது."

"கீழ தள்ளிப் பாருன்னு சொன்னா ஒருத்தனும் தள்ள மாட்டான். பன்னிரண்டு மணி நேரம் லாரி ஓட்டினவன் உன் கேள்விக்காகவா விரலைத் தூக்குவான்? எதையாவது எடு. ஆனா கணக்கு போட்டு எடு. நாளைக்கு எவனாவது கேட்டா நீட்டறதுக்கு ஒரு அட்டவணை வேணும்."

கணக்குப் போடுவதில் ஒரு சிக்கல். ஓட்டுநர்கள் தினமும் எழுதும் தாள்கள் சுரங்கத்திலேயே கிழிக்கப்பட்டுவிடும்; ஆராய்ச்சிக்காக வாங்கிய பழைய விடைத்தாள்களை ஏழு வருடம் முடிந்ததும் நாங்கள் கிழித்துப்போட்டிருந்தோம். அப்படித்தான் அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். மிஞ்சியது ஒரு பழைய அறிக்கையின் பின்னிணைப்பில் அச்சான ஒட்டுறவு அணி மட்டும். முக்கோணமாக இருக்கும். முதல் வரியில் ஓர் எண், இரண்டாவதில் இரண்டு, இப்படி வளர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு வரியும் ஒன்றில் முடியும், ஏனென்றால் எந்தக் கேள்வியும் தன்னோடு தான் முழுசாக ஒத்துப்போகும். மனிதர்களைப் போல அல்ல.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்தேன். வலது கையால் தட்டச்சு, இடது கையில் மீட் பை. வரி தப்பாமல் இருக்கக் காகிதத்தின்மேல் ஓர் அடிக்கோல். பத்தாவது வரியைப் பாதி அடிக்கும்போது குழம்பு ஒரு சொட்டு விழுந்தது. வரியை முடித்தேன், அடிக்கோலைத் தூக்கினேன், துடைத்தேன், திரும்ப வைத்தேன். பத்தாவது வரிக்கே வைத்துவிட்டேன். அதே வரியைப் பதினொன்றாவதாக இன்னொரு தடவை அடித்தேன். முடிவில் ஓர் எண் குறைந்தது. எல்லா வரியும் ஒன்றில்தானே முடியவேண்டும் என்று இன்னொரு ஒன்றைப் போட்டு நிரப்பினேன். ஆக, பத்துக்கும் பதினொன்றுக்கும் ஒட்டுறவு ஒன்று என்று ஆகிவிட்டது. அச்சு அசல் நகல்.

மென்பொருள் உடனே முரண்டு பிடித்தது. இந்த அணி பகுப்பாய்வுக்கு ஏற்றதல்ல என்று சிவப்பு எழுத்தில் சொன்னது. நான் இருபத்தாறு வருடமாக எல்லோருக்கும் சொன்னது அந்தச் சிவப்பு எழுத்துக்குப் பயப்படாதே, அது உன்னைக் காப்பாற்றப் பார்க்கிறது என்றுதான். அன்று நான் என்ன செய்தேன்? தலைக்கு மேல் தொங்கிய முதல் விதியைத் தாண்டி நான்காவதுக்குத் தாவினேன். ஒருவர் வாசிக்க, ஒருவர் பார்க்க என்றால் யாரையாவது கூப்பிட வேண்டும். வைத்தியர் தன் காய்ச்சலுக்கு அடுத்தவரிடம் போய் நாக்கை நீட்டுவாரா? இரண்டும் நகல், ஒன்றை நீக்கு. எதை நீக்க என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இரண்டு வரி பிடிப்பது எதுவோ அதை. மிச்சம் பதிமூன்று கேள்வி, பதிமூன்று வரி. மென்பொருள் வாயை மூடிக்கொண்டு குடும்பம் பிரித்துக் கொடுத்தது.

"பத்தும் பதினொண்ணும் ஒண்ணேதான். மெஷினே சொல்லிடுச்சு" என்றேன் ராஸிடம்.

"நீ மனுஷனே இல்லய்யா, தெய்வம்."

"தெய்வத்துக்கு ஒரு பீர் வாங்கிக் குடு."

வாங்கிக் கொடுத்தார். நவம்பரில் ஆறு சுரங்கங்களில் புதிய திரை ஓடத் தொடங்கியது.

இதுவரை நடந்தது கைத்தவறு. கைத்தவறுக்கு யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை. இனி மரீ டகெட் வருகிறாள்.

மரீ ஒப்பந்தத்தில் இருந்த ஆராய்ச்சி உதவியாளர். முப்பது வயது, இரண்டு பிள்ளைகள், சத்தமாகச் சிரிப்பாள். என் விதிகள் அட்டையை உண்மையிலேயே படித்த ஒரே ஜீவன் என்று இப்போது தோன்றுகிறது. மார்ச் மூன்றாம் தேதி, அந்தப் பழைய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நெவில், ஒரு சந்தேகம். கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுப்பேன். கேளு."

"உங்க கோப்புல பத்துக்கும் பதினொண்ணுக்கும் ஒண்ணுன்னு இருக்கு. இதுல பாயிண்ட் ரெண்டு ஒண்ணுன்னு போட்டிருக்கே. நான்தான் தப்பாப் பாக்கறேனா?"

"வச்சுட்டுப் போ. பாக்கறேன்."

"பத்தாவது வரி மேல இது என்ன, குழம்பா?"

"அது வரலாறு. தொடாதே."

சிரித்துக்கொண்டே போனாள். நான் கதவைச் சாத்தினேன். தவறைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நிமிடம் ஆனது. அதில் மூன்று நிமிடம் கண்ணாடியைத் தேடியது. வரியைச் சரியாக அடித்தேன். மென்பொருள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. பதினோராவது கேள்வி பத்தோடு ஒட்டவே இல்லை. தனிக்குடித்தனம் போயிருந்தது, அதுவும் மற்ற எல்லாக் கேள்விகளையும்விட வலுவாக. எடுக்கவே கூடாத ஒரு கேள்வி இருந்தால் அது அதுதான். ஏழாவது விதிப்படி சேமித்தேன். கோப்பின் தலைப்பில் இப்படி எழுதினேன்: பதினோராவது வரி தவறாக உள்ளிடப்பட்டது, திருத்தப்பட்டது, மார்ச் 3, நெ.ப்ரா. உங்கள் மேசைமேல் இருப்பது அந்தக் காகிதம்தான். திருத்தியதும் மனசு எவ்வளவு லேசானது என்று உங்களுக்குச் சொல்லி விளங்காது. ஒரு தவறு சரியாகிவிட்டது. என் கணினியில் சரியாகிவிட்டது.

மறுநாள் மரீயிடம், அறிக்கையில்தான் அச்சுப் பிழை என்றேன்.

"வரி முழுசுமா?"

"அந்தக் காலத்து அச்சகம் அப்படி."

அவள் என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

சொல்லக்கூடாது என்று நான் ஒருபோதும் முடிவு செய்யவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தள்ளித்தான் போட்டேன். ஏப்ரலில் பிரிஸ்பேனில் ஒரு மாநாடு. அதில் சிறப்புரை நான். தலைப்பு, அணியை உள்ளிடுவதில் நேரும் பிழைகள். சிரிக்கலாம், எனக்கும் சிரிப்பு வருகிறது. முந்நூறு பேர் முன்னால் அதைப் பேசப்போகிறவன் முந்தின மாதம் போய், ஐயா, நான் ஒரே வரியை இரண்டு தடவை அடித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வான்? பேசி முடித்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். பேசி முடித்தேன், கைதட்டினார்கள். அப்புறம் ராஸுக்கு அந்தத் திரைக்காக ஒரு பரிசு கிடைத்தது, அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று இருந்தேன். அப்புறம் ஜூன், நிதியாண்டு முடிகிற நேரம், யாருக்குக் காது கேட்கும். ஆகஸ்டில் நான் ஓய்வு பெறுவதாக இருந்தது. பிரிவு விருந்து முடிந்தபின் நிதானமாக ஒரு கடிதம் எழுதலாம் என்று இருந்தேன். கடிதத்தின் முதல் வாக்கியம்கூட மனதில் தயாராக இருந்தது. நல்ல வாக்கியம்.

ஜூனில் மரீயின் ஒப்பந்தம் நீட்டிப்புக்கு வந்தது. மதிப்பீட்டுத் தாளை நான்தான் நிரப்பினேன். விவரங்களில் கவனம் போதாது என்று எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது என்று சொன்னால் நீங்கள் என்னைக் கொஞ்சம் நல்லவனாக நினைப்பீர்கள். நடுங்கவில்லை. அன்று மாலையே அவள் தன் பொருட்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனாள். என் விதிகள் அட்டையை மட்டும் மேசையிலேயே விட்டுவிட்டாள், முதல் விதியின் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டு.

ஷேன் ஸாமிட் என்ற ஓட்டுநர் ஜூலை இருபத்திரண்டாம் தேதி காலை ஏழரைக்கு, ஏழாவது இரவு வேலையை முடித்துவிட்டுத் திரையில் பதிமூன்று கேள்விகளுக்கும் விடை சொன்னான். எல்லாவற்றுக்கும் இல்லை, அதாவது பூஜ்யம். சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஒன்பதே கால் மணிக்கு, பட்டப்பகலில், ஊருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னால், ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் ரயில் சாலையைக் கடக்கும் இடத்தில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. எஞ்சின் தாண்டிப் போய்விட்டது. அதற்குப் பின்னால் அறுபதாவதோ அறுபத்தொன்றாவதோ பெட்டியில் நேராகப் போய் மோதினான். சாலையில் பிரேக் போட்ட தடமே இல்லை. ரயிலை ஓட்டியவருக்கு அரை கிலோமீட்டர் போனபின்தான் தெரிந்ததாம். ஷேனுக்கு முப்பத்துநான்கு வயது.

இறுதிச் சடங்குக்கு மையத்தின் சார்பில் மலர்வளையம் எடுத்துக்கொண்டு நானே போனேன். ராஸுக்கு முதுகுவலி. சர்ச் கூடத்தில் முட்டை சாண்ட்விச்சும் தேங்காய்த்தூள் புரட்டிய லேமிங்டன் கேக்கும் இருந்தன. ஷேனின் மனைவி ரெனே, கையில் டீக் கோப்பையோடு என்னிடம் வந்தாள்.

"நீங்க அந்தக் கேள்வித்தாள் ஆள்தானே?"

"ஆமாம்மா."

"அதுல எல்லாம் சரியாத்தான் வந்துச்சுன்னாங்க."

"ஆமா. எல்லாமே பூஜ்யம்."

"எனக்குப் புரியல. முன்னெல்லாம் ரெண்டு தடவை ரூம் குடுத்துத் தூங்கவச்சு அனுப்பினாங்க. பேப்பர்ல எழுதுன காலத்துல. 'ஏன்டா லேட்டு'ன்னு நான் போன்ல கத்துவேன். 'வழி ஞாபகம் இருக்கான்னு கேட்டாங்க, இல்லன்னேன், புடிச்சு வச்சுட்டாங்க'ன்னு சிரிப்பான். நம்ம வீட்டு கேட்டைத் திறந்தப்புறம்தான் முழிப்பே வருதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத் திரிவான். அதை இப்பக் கேக்கலியா அவன்கிட்ட? கேட்டிருந்தா சொல்லியிருப்பானே. அவனுக்குப் பொய் சொல்லவே வராது."

நான் என்ன சொல்லியிருக்க முடியும்? அந்தக் கேள்வி திரையில் இரண்டு வரி பிடித்தது என்றா? கேக் நன்றாக இருக்கிறது என்றேன். அவள் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போனாள். அவள் பின்னால் இரண்டு அடி வைத்தேன், அது உண்மை. ஆனாலும் இன்னொரு கேக் எடுத்தேன். அதுவும் உண்மை.

அன்று மாலை நேராக அலுவலகம் போய்த் திருத்திய கோப்பைத் திறந்தேன். ஒருவேளை நான் தப்பாகத் திருத்தியிருக்கலாம், 0.21 என்பதே பிழையாக இருக்கலாம் என்று ஒரு நப்பாசை. வரி வரியாக அடிக்கோல் வைத்துச் சரிபார்த்தேன். முதல் விதிப்படி, சத்தமாக வாசித்துக்கொண்டே. ஒரு பிழையும் இல்லை. அவ்வளவு சுத்தமாக ஓர் அணியை நான் உள்ளிட்டதே இல்லை. அப்போதும் யாருக்கும் தொலைபேசியில் பேசவில்லை. ஆறு சுரங்கங்களில் அந்தத் திரை பிறகும் ஐந்து வாரம் ஓடியது, மரீ உங்களுக்கு எழுதும்வரை.

ஆகஸ்டில் பிரிவு விருந்தும் நடந்தது. என் ஏழு விதிகளைப் பொன்னெழுத்தில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுப் பரிசாகக் கொடுத்தார்கள். ராஸ் பேசினார். "நம்ம நெவில் கண்ணுல ஒரு புள்ளி தப்பாது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும்தான்.

ஆக, கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். கேள்வியை எடுத்தது நான். தவறென்று தெரிந்தபின் மறைத்தது நான். கேட்டவளைத் துரத்தியது நான். ஷேன் ஸாமிட்டைக் கொன்றது நான். அவனைச் சுமந்த வண்டி, அவனைத் தடுத்திருக்க வேண்டிய திரை, அந்த நீண்ட ரயில் எல்லாம் அதனதன் வேலையைத்தான் செய்தன.

வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கொடுத்ததற்கு நன்றி. நிறையப் பேர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்றீர்கள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை, சார்ஜென்ட். மூன்று பக்கத்தையும் வரி வரியாகப் பார்த்துவிட்டேன். ஒரே ஒரு பிழை இருக்கிறது. தவறு தெரிந்தும் விபத்து நடக்கும்வரை ஐந்து மாதம் மௌனமாக இருந்தேன் என்று அடித்திருக்கிறீர்கள். அது நான்கு மாதம், பத்தொன்பது நாள். தயவுசெய்து இப்போதே திருத்திவிடுங்கள். இந்த மாதிரி விஷயங்களைக் கண்ட உடனே சொல்லிவிட வேண்டும். எண்ணை நம்பித்தானே ஆட்கள் இருக்கிறார்கள்.